அல்லி ராஜ்ஜியத்துக்கு வக்கீல் இல்லை

1977-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து இயங்கிய ஒரு விளையாட்டுக் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கம்பெனியின் பெயர் டி.எஸ்.ஆர். அது வெளியிட்ட ஆட்டத்தின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. டோல்கீனின் நாவல்களில் வரும் குட்டை மனிதர்களான ஹாபிட்டுகளையும், நடமாடும் மரங்களான என்ட்டுகளையும், நெருப்பு அரக்கனான பால்ராக்கையும் அனுமதி இல்லாமல் எடுத்தாண்டுவிட்டார்கள் என்பது புகார். கம்பெனி பெயர்களை மாற்றியது. ஹாபிட் ஹாஃப்லிங் ஆனது. என்ட் ட்ரீயன்ட் ஆனது. பால்ராக் பிற்பாடு பேலார் ஆனது. உருவமும் குணமும் பெரும்பாலும் பழையபடியே இருந்தன; பெயர்ப்பலகைதான் மாறியது.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகிகளுக்காகச் சொல்கிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதைசொல்லி, அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். கதைசொல்லி ஒரு சூழலைச் சொல்லிவிட்டு, "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். கதவைத் திறக்கிறேன், வாளை ஓங்குகிறேன் என்று ஆடுபவர் வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். ஆட்டம் முழுக்கப் பேச்சிலேயே நடப்பதால், சுற்றி இருக்கும் எல்லோருக்கும் ஓரளவு முன்பே பழகிய உலகம் ஒன்று தேவைப்படுகிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடிய நம் பாட்டிமாருக்கு இதை விளக்கவே வேண்டாம். பாம்புக்கு அசுரன் பெயர் இருந்ததால்தான் இறங்குவது வலித்தது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய முதல் பதிப்பு 1974-ல், மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக வந்தது. பரோஸின் செவ்வாய்க் கிரகக் கதைகள், ஹோவர்டின் கோனன், லைபரின் சாகசக் கதைகள் என்று முன்னுரையிலேயே முன்னோடிகள் நினைவுகூரப்படுகிறார்கள். டோல்கீன் பெயர் அங்கே இல்லை. உள்ளே ஹாபிட் இருக்கிறது. கடன் வாங்குவதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. கம்பனைப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் அப்படிச் சொல்ல முடியுமா? யாருடைய பொருள் திருப்பிக் கேட்கப்பட்டது, யாருடையது கேட்பாரற்றுக் கிடந்தது, கடன் வாங்கிய உலகத்தோடு வேறு என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது என்பவைதான் என் கேள்விகள்.

ராட்சசனை எடுத்துக்கொள்வோம். 1974-ன் இறுதியில் 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில், சிகாகோ நகரத்தில் ஒரு ராட்சசன் நடமாடினான். மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்றுதான் அவனைக் கொல்லும். அடுத்த ஆண்டே அவன் இந்த ஆட்டத்துக்குள் வந்துவிட்டான், அதே அம்போடு. 1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் அவனுக்குப் புலித்தலை. கையில் புகைக்கும் பைப். வால்மீகியிடமிருந்து லேக் ஜெனீவாவுக்குத் தொலைக்காட்சி வழியாகப் போன பயணம் இது. தாடகை, சூர்ப்பணகை, அயோமுகி, திரிசடை என்று பெண்கள் நிறைந்த ஒரு குலத்திலிருந்து, பைப் பிடிக்கும் கனவான் ஒருவர்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

1980-ல் வெளியான 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற புத்தகம் உலகத் தெய்வங்களுக்கெல்லாம் உயிர்ப்புள்ளிகளும் கவச எண்களும் போட்டது. காளி தீயவர் வரிசையில் இருந்தாள். அதே புத்தகத்தில் லவ்கிராஃப்ட், மூர்காக் ஆகிய இரு எழுத்தாளர்களின் கற்பனை உலகங்களும் இடம்பெற்றிருந்தன. அவற்றின் விளையாட்டு உரிமை வேறொரு கம்பெனியிடம் இருந்ததால் பிந்தைய அச்சுகளில் அந்தப் பகுதிகள் நீக்கப்பட்டன. காளியை யாரும் நீக்கவில்லை. அவளுக்காக நோட்டீஸ் அனுப்ப ஆளில்லை.

கைகாக்ஸ் தன் கடன்களை முறையாக எழுதிவைத்தது 1979-ல், டி.எம்.களுக்கான வழிகாட்டி நூலின் பின்னிணைப்பில். அதில் பெண்கள் மிகச் சிலர்: லீ பிராக்கெட், ஆண்ட்ரே நார்ட்டன், மார்கரெட் செயின்ட் கிளேர். நார்ட்டனின் இயற்பெயர் ஆலிஸ். ஆண் பெயர் என்று தோன்றும் பெயரில் எழுதினார். செயின்ட் கிளேரின் 'தி சைன் ஆஃப் தி லேப்ரிஸ்' (1963) நாவலில் பல தளங்கள் கொண்ட பாதாள உலகம் ஒன்று வருகிறது. தளம் தளமாகக் கீழே இறங்கும் இந்த ஆட்டத்தின் வடிவத்தை அதில் பார்க்கலாம். ஆனால் இருட்டுச் சுரங்கப்பாதைகளுக்குள் ஒரு பெண் பூசாரியை வைத்து 1971-லேயே 'தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்' எழுதிய உர்சுலா லெ குவின் பட்டியலில் இல்லை. முப்பதுகளிலேயே வாளேந்திய ஜிரெல் என்ற நாயகியைப் படைத்த சி.எல். மூரும் இல்லை. டோல்கீன் இந்த முறை இருக்கிறார்.

1978-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு வந்த ஆட்டக்காரர் கையேடு, பாத்திரங்களின் உடல்வலிமைக்கு உச்சவரம்பு வைத்தது. மனித ஆண் 18/100 வரை போகலாம். மனிதப் பெண் 18/50-ல் நின்றுவிட வேண்டும். டிராகன் பறக்கும் உலகத்தில் பெண்ணின் புஜத்துக்கு மட்டும் யதார்த்தம்! (1989-ன் இரண்டாம் பதிப்பில்தான் இந்த விதி போனது.) அதே 1978-ல் 'வால்ட் ஆஃப் தி ட்ரவ்' என்ற சாகசப் புத்தகமும் வந்தது. ட்ரவ் என்பவர்கள் பாதாளத்தில் வாழும் கறுத்த தோல் கொண்ட இனம். அங்கே பெண்கள் ஆண்களைவிட வலிமையானவர்கள், பூசாரிகள், ஆளுகிறவர்கள், சிலந்தித் தெய்வமான லால்த்தை வணங்குகிறவர்கள். அந்த இனமே தீயது என்று புத்தகம் சொல்லியது. ஆண்களைவிட வலிமையான பெண்களை அந்த ஆண்டு இந்த ஆட்டத்தில் பார்க்க விரும்பியவர், கறுப்பும் தீமையும் ஒன்றாகக் கலந்த அந்தப் பாதாளத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. போகிறவர்களும் வாளோடு போனார்கள். இப்போது ஆட்டத்தை வெளியிடும் கம்பெனி, ட்ரவ் இனத்தைச் சித்திரித்த விதம் நிஜ மக்களை இழிவுபடுத்திய விதத்தை ஒத்திருந்தது என்று 2020-ல் ஒப்புக்கொண்டது. தோலின் நிறத்தைப் பற்றிய அந்தப் பேச்சு தேவையானதுதான். அரசியைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

பெண் ஆளும் நாடு கதைக்குள் வந்தால் அது வெல்லப்படுவதற்காகவே வருகிறது என்பது லேக் ஜெனீவா கண்டுபிடித்ததல்ல. ஹாகார்டின் 'ஷீ' (1887) நாவலில் குகைநகரை ஆளும் ஆயிஷா நெருப்பில் சுருங்கி மடிகிறாள். ஜைமினி பாரதத்தில் பெண்களே வாழும் நாட்டின் அரசி பிரமீளை, அர்ச்சுனனின் வேள்விக் குதிரையைப் பிடித்துக் கட்டுகிறாள். முடிவில் அவனை மணக்கிறாள். நம் அல்லியும் இந்த வரிசையில் வருகிறவள்தான். வில்லிபாரதத்தில் அர்ச்சுனன் மணக்கும் பாண்டியன் மகள் சித்திராங்கதை, நாட்டார் கதைப்பாடலில் மதுரையை ஆளும் அல்லி அரசாணியாக வளர்ந்து நிற்கிறாள். இதுவும் பழைய உலகத்திலிருந்து எடுத்த கடன்தான். ஆனால் எடுத்த இடத்தில் ஒருத்தி மூன்று மடங்கு உயர்ந்துவிட்டாள். நாட்டை அபகரித்தவனை வென்று மீட்கிறாள், ஆண்களை அண்டவிடாமல் ஆளுகிறாள். பிறகு கண்ணன் உதவியோடு அர்ச்சுனன் பாம்பாக மாறி அவள் பள்ளியறைக்குள் போகிறான். அவள் தூங்கும்போது தாலி கட்டுகிறான்.

பெரிய எழுத்துப் புத்தகமாக 'அல்லி அரசாணி மாலை' ஊர் ஊராக விற்றது. கேட்டவர்களும் வாசித்தவர்களும் அதில் என்ன கண்டார்கள் என்பதைத் தனியே எழுத வேண்டும். பேச்சு வழக்கில் மிஞ்சியது ஒரு கேலி. வீட்டில் ஒருத்தி கணக்குக் கேட்டால் 'அல்லி தர்பார்' என்கிறோம்.

அண்மைக் காலத்தில் நம் பக்கத்து எழுத்தாளர்களும் இந்த ஆட்டத்துக்குள் உலகங்களைச் செய்கிறார்கள். 2021-ல் வந்த ரேவன்லாஃப்ட் நூலில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அஜித் ஜார்ஜ் எழுதிய கலகேரி என்ற நாடு இருக்கிறது. ஆட்டத்தின் பழைய நூல்களில் இருந்த ஸ்ரீ ராஜி என்ற இந்தியச் சாயல் நாட்டின் மறுவார்ப்பு அது. அதை ஆளும் மகாராணியின் பெயர் ரம்யா வாசவதன். உடன்பிறந்தவர்களோடு ஓயாத அரியணைப் போரில் சிக்கியிருக்கிறாள். பைப் பிடித்த புலியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அரசி இங்கேயும் சபிக்கப்பட்டவளே. (ரேவன்லாஃப்ட்டில் ஆளுகிற ஆண்களுக்கும் சாபம் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும்.) 2022-ல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்' தொகுப்பில், கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல், வங்கத்தின் ஆற்றுநிலத்தை நினைவூட்டும் சங்கபூமி என்ற நாட்டை எழுதியிருக்கிறார். கோட்டையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கி வந்த உலகம் அது. எனக்குப் பிடித்திருக்கிறது.

என் மாணவிகள் ஐந்து பேர் சனிக்கிழமைகளில் சேலையூரில் ஒருத்தியின் வீட்டு மொட்டைமாடியில் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். விதிப்புத்தகம் ஜெராக்ஸ், பகடை ஆன்லைனில் வாங்கியது. விடுதி கேட் ஆறரைக்கு மூடிவிடும் என்பதால், எந்த டிராகனாக இருந்தாலும் ஆறேகாலுக்குள் சாக வேண்டும். டி.எம். பெண் என்னிடம் அல்லி அரசாணி மாலையை வாங்கிப் போய் மதுரையைத் தன் ஆட்ட உலகமாக்கினாள். பாம்பு வரும் இரவன்று நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் பதிப்பின் விதிப்படி உறங்குபவரைத் தாக்குகிறவருக்குச் சாதகம் உண்டு. இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அர்ச்சுனனாக ஆடியவள் உருட்டினாள். பதினேழு விழுந்தது. அல்லியாக ஆடியவள் பகடையின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"எல்லாரையும் கேட்டியே, நான் என்ன செய்றேன்னு கேக்கவே இல்லையே?"

"நீ தூங்கிட்டு இருக்கடி."

"அதான் சொல்றேன்."

டி.எம். என்னைப் பார்த்தாள். "மேம், கதையில அப்படித்தானே இருக்கு?" அப்படித்தான் இருக்கிறது என்றேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை, மேசை அவர்களுடையது. டீ வந்தது. அரை மணி நேரம் வாதம் நடந்தது. அர்ச்சுனனாக ஆடியவள்தான் கடைசியில் நோட்டுப் புத்தகத்தை இழுத்து, தூங்குகிறவர் மேல் யாரும் பகடை உருட்டக் கூடாது என்று எழுதினாள். டி.எம். பதினேழை அடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்: பொழுது விடிந்துவிட்டது, பாம்பு இன்னும் கூடைக்குள்தான் இருக்கிறது. "அல்லி, நீ என்ன செய்கிறாய்?"

மணி ஆறு பத்து. அல்லி செருப்பை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினாள். அடுத்த சனிக்கிழமை வந்ததும் முதல் வேலையாகக் கூடையின் மூடியைக் கயிற்றால் கட்டச் சொன்னாள். பிறகு வாசலில் ஒரு மணை போடச் சொல்லி, உள்ளே இருப்பவன் யார், என்ன வேண்டி வந்தான் என்று விசாரிக்க உட்கார்ந்தாள்.