இருதுபன்னனின் எண்ணும் கிண்டியின் வழக்கும்: குதிரைப் பந்தயத்தில் திறனும் சூதும்

முன்னுரை

நளன் கதையைக் கற்பிக்கும் தமிழாசிரியர், அவன் நாடிழந்த சூதாட்டத்தையும் காட்டில் தமயந்தியைப் பிரிந்த துயரத்தையும் விரிவாக விளக்குவது வழக்கம். அவற்றிற்குப் பின்வரும் ஒரு சிறு நிகழ்ச்சி பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுகிறது. உருமாறி வாகுகன் என்னும் பெயரில் தேரோட்டியாக இருந்த நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனைத் தேரில் ஏற்றிச் செல்கிறான். வழியில் நின்ற தான்றி மரத்தின் கனிகளை எண்ணாமலே மன்னன் கணக்கிட்டுச் சொல்கிறான். வியாசர் பாரதத்தின் வனபருவத்தில் இரண்டு கிளைகளில் 2,095 கனிகள் எனக் குறிக்கப்படுகிறது. நளன் மரத்தைச் சோதித்து அக்கணக்குச் சரியெனக் காண்கிறான். பின்னர் இருவரும் தத்தம் வித்தைகளை மாற்றிக்கொள்கின்றனர். குதிரையறிவு மன்னனுக்குச் செல்கிறது; எண்ணறிவு நளனுக்கு வருகிறது. அவ்வெண்ணறிவைக் கொண்டே அவன் மீண்டும் சூதாடி நாட்டை மீட்கிறான்.

பண்டைய சூதில் தான்றிக் காய்களே கவறாகப் பயன்பட்டன என்பது இங்கு நினைக்கத்தக்கது. குதிரையை அறிதல், எண்ணை அறிதல், சூதில் வெல்லுதல் ஆகிய மூன்றையும் இக்கதை ஒரே முடிச்சில் கட்டுகிறது. இதே முடிச்சு இருபதாம் நூற்றாண்டில் சென்னை கிண்டிப் பந்தயத் திடலை முன்னிட்டு நீதிமன்றத்தில் அவிழ்க்கப்பட்டது. குதிரையின் வரலாறு, ஓட்டுபவரின் திறன், பயிற்சியாளரின் வெற்றிக் கணக்கு ஆகியவற்றை ஆராய்ந்து பணம் கட்டுபவர் சூதாடுகிறாரா, அறிவைப் பயன்படுத்துகிறாரா என்பதே அங்கு எழுந்த வினா. அவ்வினாவின் வரலாற்றையும், அதற்குக் கிடைத்த விடை எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்கவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சுமையும் கணிப்பும்

பந்தயத் திடலில் ‘ஹாண்டிகேப்’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. முதற்பொருள் திடலின் அலுவலருக்கு உரியது. வலிய குதிரை கூடுதல் எடையையும் மெலிந்த குதிரை குறைந்த எடையையும் சுமந்து ஓடுமாறு அவர் எடையைப் பகிர்ந்தளிக்கிறார். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லையை எட்டும் நிலையே அவரது இலட்சியம். இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அட்மிரல் ரூஸ் என்பவர் குதிரையின் வயதுக்கேற்ற எடை அளவையை வகுத்து, இம்முறைக்கு ஓர் ஒழுங்கைத் தந்தார்.

இரண்டாம் பொருள் பார்வையாளருக்கு உரியது. அலுவலர் சமப்படுத்திய பின்னும் எஞ்சியிருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அவர் முயல்கிறார். முந்தைய ஓட்டங்கள், தூரம், தரையின் ஈரம், ஓட்டும் ஜாக்கி, பயிற்சியாளர் ஆகியவை அவருக்குச் சான்றுகளாகின்றன. இவற்றுள் பயிற்சியாளர் பற்றிய கணக்கு தனிச்சிறப்புடையது. குதிரை பேசாது, அதன் உடல்நிலையைப் பார்வையாளர் நேரில் அறிய இயலாது. அதனை நாள்தோறும் விடியலில் ஓடவிட்டுப் பார்ப்பவர் பயிற்சியாளர். எந்தப் பந்தயத்தில், எந்தத் தூரத்தில், எத்தனை நாள் ஓய்வுக்குப் பின் இறக்குவது என்பதில் அவரது தீர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே அவரது வெற்றி விழுக்காடு, திரைக்குப் பின்னால் நடப்பதைக் காட்டும் ஒரு சிறு சாளரம் எனலாம்.

கிண்டி வழக்கின் பின்புலம்

கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777இல் தொடங்கியதாகக் குறிக்கப்படுகிறது. சென்னை குதிரைப் பந்தயக் கழகம் 1896இல் நிறுவப்பட்டது. அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1888இல், சென்னை நகரக் காவல் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தின் சூதாட்ட வரையறையிலிருந்து, திடலுக்குள் குறித்த இடத்தில் நடைபெறும் குதிரைப் பந்தயப் பணயத்திற்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. தெருவோரத்தில் காசு வைத்து ஆடுபவன் குற்றவாளி. திடலின் வேலிக்குள் பணம் கட்டுபவர் கனவான் என்பதே அவ்விலக்கின் நடைமுறைப் பொருள். விடுதலைக்குப் பின் 1949இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம் இவ்விலக்கை நீக்க முற்பட்டது.

1974இல் தி.மு.க. ஆட்சியில் தமிழ்நாடு சட்டமன்றம் குதிரைப் பந்தயப் பணயத்தை ஒழிக்கும் தனிச் சட்டத்தை நிறைவேற்றியது. பணயத்தால் குடும்பங்கள் அழிகின்றன என்ற சமூக அக்கறையே அதன் அடிப்படை. அதே தமிழ்நாட்டில் 1968 முதல் அரசே பரிசுச் சீட்டு நடத்தி வந்தது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. பின்னர் 1986இல் கழகத்தையே அரசு கையகப்படுத்தும் சட்டமும் இயற்றப்பட்டது. இச்சட்டங்களுக்கு எதிரான வழக்குகள் உயர்நீதிமன்றத்திலிருந்து உச்சநீதிமன்றம் வரை சென்றன.

1996 சனவரியில், கே. ஆர். இலட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் குல்தீப் சிங். குதிரையின் உடல்நிலை, உள்ளார்ந்த ஆற்றல், ஓட்டுபவரின் திறமை, சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவை பணம் கட்டுபவர் மதிப்பிடக்கூடிய புறநிலை உண்மைகள் என்று நீதிமன்றம் கருதியது. பரிசுச் சீட்டு முற்றிலும் குலுக்கலைச் சார்ந்தது; குதிரைப் பந்தயமோ பெரும்பாலும் திறனைச் சார்ந்தது. எனவே அது சூதாட்டம் ஆகாது என முடிவாயிற்று. 1957இல் சாமர்பாக்வாலா வழக்கும், 1968இல் ரம்மி பற்றிய சத்தியநாராயணா வழக்கும் வகுத்த ‘திறன் மிகுதி’ என்னும் அளவுகோலே இங்கும் பயன்பட்டது. 1986ஆம் ஆண்டின் கையகப்படுத்தும் சட்டமும் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று.

திறன் உண்டு, ஆதாயம் உண்டா?

தீர்ப்பின் அடிப்படையை மறுக்க இயலாது. பயிற்சியாளர்களின் வெற்றி விழுக்காடு ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வேறுபாடு முழுவதும் தற்செயலும் அன்று. ஆயினும் அவ்விழுக்காட்டைப் பயன்படுத்துவோர் மூன்று தடைகளைக் கடக்க வேண்டும்.

முதல் தடை எண்ணிக்கையின் சிறுமை. ஒரு பயிற்சியாளர் ஒரு பருவத்தில் 40 குதிரைகளை இறக்கி 8 வெற்றிகளைப் பெற்றார் எனக் கொள்வோம். வெற்றி விழுக்காடு 20. புள்ளியியல் முறைப்படி கணித்தால், அவரது உண்மையான ஆற்றல் ஏறத்தாழ 7 விழுக்காடு முதல் 33 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். ஈரமான தரை, குறைந்த தூரம், புதிய ஜாக்கி என்று மேலும் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பிரிவிலும் நான்கைந்து பந்தயங்களே எஞ்சும். அவற்றில் தெரியும் கோலம் பெரும்பாலும் மணலில் காற்று வரைந்த கோலமே.

இரண்டாம் தடை காரணக் கலப்பு. வெற்றி பயிற்சியாளருடையதா, குதிரையுடையதா? செட்டிநாட்டு எம்.ஏ.எம். இராமசாமியைப் போன்ற பெருஞ்செல்வர் தம் உயர்ந்த குதிரைகளை ஒருவரிடம் ஒப்படைத்தால், அப்பயிற்சியாளரின் கணக்கு தானே உயரும். எளிய குதிரைகளைக் கொண்டு சில வெற்றிகளே பெற்ற மற்றவர் அவரினும் திறனுடையவராக இருக்கலாம். ஆகவே வெற்றிகளை மட்டும் எண்ணுவது போதாது. அக்குதிரைகளிடம் எதிர்பார்க்கத்தக்க வெற்றிகள் எத்தனை, கிடைத்தவை எத்தனை என்று ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் தடையே தலையாயது. டோட்டலைசேட்டர் முறையில் பணம் கட்டுபவர் திடலை எதிர்த்து ஆடுவதில்லை. மற்றப் பார்வையாளரை எதிர்த்தே ஆடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் ஜோசப் ஒல்லேர் வகுத்த இம்முறையில், அனைவரின் பணமும் ஒரு தொகுப்பில் சேர்க்கப்படுகிறது. வரியும் நடத்துநர் பங்கும் கழிக்கப்படுகின்றன. எஞ்சியது வென்றோரிடையே பகிரப்படுகிறது. புகழ்பெற்ற பயிற்சியாளரின் குதிரைமீது பலரும் பணம் கட்டுவதால் அதற்குரிய பங்கு முன்னரே சுருங்கிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கழிவு 20 விழுக்காடு எனவும், மேற்கூறிய பயிற்சியாளரின் குதிரைகள் 20 விழுக்காடு வெல்லும் என்பதைக் கூட்டம் சரியாக அறிந்திருக்கிறது எனவும் கொள்வோம். வெல்லும் ஒவ்வொரு 10 வெள்ளிக்கும் 40 வெள்ளி கிடைக்கும். நாற்பது பந்தயங்களிலும் 10 வெள்ளி கட்டியவர் 400 வெள்ளி செலவிட்டு, எட்டு வெற்றிகளால் 320 வெள்ளி பெறுவார். இழப்பு 80 வெள்ளி. முதலை மீட்பதற்கே அவருக்குப் பத்து வெற்றிகள் தேவை. அதாவது, பயிற்சியாளரைச் சரியாக அறிந்தால் போதாது. கூட்டத்தைவிட மிகுதியாக அறிந்திருக்க வேண்டும்.

இதனைச் செய்து காட்டியவர் இல்லாமல் இல்லை. ஹாங்காங்கில் 1980களின் இடைப்பகுதி முதல் கணினி வழியே பந்தயங்களை ஆராய்ந்த வில்லியம் பெண்டர், தம் முறையை 1994இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். தம் கணிப்பைத் தனித்து நம்பாமல், கூட்டம் நிர்ணயித்த விலையையும் ஒரு சான்றாக அதனுடன் இணைத்தமை அவரது முறையின் உயிர்நாடி. பெருந்தரவு, கணினி, முதலீடு, பல்லாண்டு உழைப்பு ஆகியவை அவரிடம் இருந்தன. கையேட்டைப் புரட்டிவிட்டு வாரக் கூலியைக் கட்டும் தொழிலாளியிடம் அவை இல்லை. அவர் இழந்தது பெண்டரைப் போன்றோர் வென்றதன் மறுபக்கமாகும்.

இந்நோக்கில், 1974ஆம் ஆண்டின் சட்டமன்றமும் 1996ஆம் ஆண்டின் நீதிமன்றமும் இரு வேறு வினாக்களுக்கு விடை கூறின என்பது புலப்படும். ‘இதில் திறன் உண்டா?’ என நீதிமன்றம் வினவி, உண்டு என்றது. ‘இதில் எளியோர் அழிகின்றனரா?’ எனச் சட்டமன்றம் வினவி, ஆம் என்றது. இரண்டு விடைகளும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம்.

மலேசியச் சூழல்

மலேசியச் சட்டம் வேறு வழியில் சென்றது. 1953ஆம் ஆண்டின் பந்தயப் பணயச் சட்டமும், டோட்டலைசேட்டர் வாரியத்திற்கான 1961ஆம் ஆண்டின் சட்டமும் திறன் மிகுதியை ஆராய்வதை மையமாகக் கொள்ளவில்லை; பணயம் எங்கு, எவரது உரிமத்தின்கீழ் நடைபெறுகிறது என்பதையே மையமாகக் கொண்டன.

அலோர் ஸ்டாரின் மெர்கோங்கிலும், சுங்கைப் பட்டாணி, கூலிம் தோட்டப்புறங்களிலும் வாழ்ந்த தமிழர்க்கு அண்மையில் இருந்த பெருந்திடல் பினாங்கினது. 1864இல் நிறுவப்பட்ட பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகம் 2025 மே 31இல் தன் இறுதிப் பந்தயத்தை நடத்தியது. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5இல் இறுதிப் பந்தயம் ஓடியது. கெடா மாநில அரசோ, 2023 முதல் சூதாட்டக் கடைகளின் வணிக உரிமங்களைப் புதுப்பிப்பதில்லை என முடிவெடுத்தது. அம்முடிவும் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. திடல்கள் மூடப்பட்டாலும் வினா மூடப்படவில்லை. அது கைப்பேசிக்குள் குடிபுகுந்துள்ளது.

இந்தியாவிலும் இம்மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. 2023 அக்டோபர் முதல் குதிரைப் பந்தயப் பணயத்தின் முழுத்தொகைமீதும் 28 விழுக்காடு பொருள் சேவை வரி விதிக்கப்பட்டது; 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறன், தற்செயல் என்ற வேறுபாடு பாராமல் தடை செய்தது. கிண்டித் திடலின் நிலக்குத்தகையையும் 2024இல் தமிழ்நாடு அரசு நீக்கியது. திறன் என்னும் அளவுகோல் பல பத்தாண்டு ஆட்சிக்குப் பின் பின்வாங்க, தீங்கு என்னும் அளவுகோல் முன்வருகிறது.

முடிவுரை

திருவள்ளுவர் சூது அதிகாரத்தில் தோல்வியைவிட வெற்றியையே முதலில் எச்சரிக்கிறார். வெற்றி, மீனுக்கு வைத்த தூண்டில் என்பது அவர் கருத்து. பயிற்சியாளர் கணக்கைப் படித்து ஒருமுறை வென்றவர், தம் அறிவே வென்றது என நம்புகிறார். அவ்வறிவு உண்மையானதாகவும் இருக்கலாம். அதனாலேயே அத்தூண்டில் பரிசுச் சீட்டின் தூண்டிலைவிட ஆழமாகத் தைக்கிறது.

நளன் வென்றதற்குக் காரணம் எண்ணறிவு மட்டுமன்று. அவ்வறிவு அவனிடம் இருந்தது, எதிரே அமர்ந்த புட்கரனிடம் இல்லை. திடலிலோ எல்லார் கையிலும் ஒரே கையேடு. அனைவரும் இருதுபன்னனிடம் பாடம் கேட்டுவிட்ட ஆட்டத்தில் எவரும் நளன் ஆகார். மெர்கோங்கிலோ வேறெங்கோ நளன் கதையைக் கற்பிக்கும் ஆசிரியர், தான்றி மரத்தடியில் சற்றுத் தேரை நிறுத்தி இதனையும் மாணவர்க்குச் சொல்வாராயின், அப்பாடம் கைப்பேசித் திரைக்கு முன்னும் அவர்களுக்குத் துணைநிற்கும்.