குலக்கல்வி: ஒரு சொல்லாட்சியின் வரலாறு

ஒரு திட்டத்திற்கு அரசு இடும் பெயரைவிட எதிர்ப்பாளர் இடும் பெயரே நிலைபெற்றுவிடுவதுண்டு. 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் இராஜாஜி கொணர்ந்த திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் இதற்குத் தக்க சான்று. அதன் அலுவல்முறைப் பெயரை இன்று அறிந்தோர் அரியர். 'குலக்கல்வித் திட்டம்' எனத் திராவிட இயக்கத்தார் வழங்கிய பெயரே வரலாற்று நூல்களிலும் நிலைத்துவிட்டது.

ஊரகப் பள்ளிகளில் மாணவரை இரு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிற்கும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கற்பித்தல், எஞ்சிய பொழுதில் அவர்கள் பெற்றோரின் தொழிலைப் பயிலுதல் என்பதே திட்டத்தின் சாரம். இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியரையும் கொண்டே கூடுதல் குழந்தைகளைச் சேர்க்கலாம் என்றது அரசு. சாதி என்னும் சொல் திட்டத்தின் பெயரில் இல்லை. ஆயின் அக்காலக் கிராமத்தில் பெற்றோரின் தொழில் என்பது பெரும்பாலும் சாதி விதித்த தொழிலே. அரசு சொல்லாது விட்ட இதனைப் புதிய பெயர் சொல்லிவிட்டது. 'குலத்தொழில்' மக்கள் நாவில் முன்பே பழகிய சொல். அதில் தொழிலை நீக்கிக் கல்வியை வைத்த அளவிலேயே எள்ளல் பிறந்தது. குலத்தளையினின்று விடுவிக்க வேண்டிய கல்விக்குக் குலமே அடையாக நிற்கும் முரணுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மறுத்தவர்களுக்கோ நீண்ட விளக்கம் தேவைப்பட்டது. ஊரிலுள்ள பிற கைவினைஞரிடமும் பயிலலாம் என்ற இடமளிப்பு எவர் நினைவிலும் தங்கவில்லை. நகரப் பள்ளிகள் விடுபட்டமையும் ஐயத்தை வலுப்படுத்தியது.

பெயரே திட்டத்தை வீழ்த்தியது எனல் மிகை. பெரியாரின் இயக்கமும் தி.மு.க.வும் நடத்திய கிளர்ச்சிகளோடு காங்கிரசுக்குள் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்தது. 1954இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

இராஜாஜியும் இக்கலையில் வல்லவரே. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த அவர், காங்கிரசு ஆட்சியின் பொருளாதாரக் கட்டுப்பாடுகளை 'லைசென்ஸ் பர்மிட் கோட்டா ராஜ்' என்றார். அந்நியர் ஆட்சியைக் குறித்த 'ராஜ்' விடுதலை பெற்ற நாட்டின் அரசுக்குச் சூட்டப்பட்டது. பழகிய சொல்லை எதிர்பாரா இடத்தில் பொருத்தும் அதே உத்தி.

1967 தேர்தலில் சுதந்திராக் கட்சியும் தி.மு.க.வும் கூட்டணி கண்டன. பழைய பகை தணிந்தது, சொல் தணியவில்லை. 2023இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தை அறிவித்தபோது, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு 'குலக்கல்வி' என்ற சொல்லையே மீண்டும் கையிலெடுத்தது.