நாலே நாலு வண்ணம்

ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைஞ்ச சமயமாப் பார்த்து, அப்பாவோட பழைய போட்டோவை வைத்து ஆயில் பெயிண்டில் ஒரு படம் வரைய உட்கார்ந்தேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆச்சு. 24 டியூப் செட் வாங்கி, மொத்தத்தையும் பேலட்டில் பிதுக்கி வைத்தாயிற்று. கன்னத்துக்கு எதைக் கலந்தாலும் சேற்று நிறம்தான் வருது. கடுப்பாகி மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் கண்ணில் பட்டவர் ஸ்வீடன் ஓவியர் ஆன்டர்ஸ் ஸோர்ன் (1860-1920). 1896ல் தன்னையே வரைந்த படத்தில் கையில் பேலட்டோடு இருக்கிறார். அதில் இருப்பது வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் சிவப்பு, கருப்பு. அவ்வளவுதான். நீலமே கிடையாது!

நீலம் கிடைக்காத காலமா என்றால், இல்லை. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் கல்லை அரைத்து எடுத்த நீலம் தங்கத்துக்குச் சமமாக விற்றது உண்மைதான். ஆனால் 1802ல் கோபால்ட் நீலம், 1820களில் செயற்கை அல்ட்ராமரின், 1841ல் ஜான் ராண்ட் கண்டுபிடித்த தகர டியூப் என்று வரிசையாக வந்து, ஸோர்ன் காலத்தில் கடையில் நீலம் சுலபமாகவே கிடைத்தது. அவர் வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறார். இதுவும் புதுசு இல்லை. அலெக்சாண்டரின் ஓவியர் அப்பெல்லிஸ் நாலு வண்ணத்திலேயே வரைந்ததாக முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

இதுக்காக ஸோர்ன் ஒன்றும் சத்தியம் பண்ணிக்கொண்டவர் இல்லை. தேவைப்பட்ட இடத்தில் நீலமும் எடுத்திருக்கிறார். மனித முகத்துக்கு இந்த நாலு போதும், அதுதான் மேட்டர்.

சூட்சுமம் என்னவென்றால், கண் எதையும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். கருப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல், காவிக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரியும். காவியில் கருப்பு சேர்த்தால் பச்சை. எல்லா நிறமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் சண்டையும் வராது.

போன ஞாயிறு மறுபடி உட்கார்ந்தேன். வெர்மிலியன் பாதரசச் சமாச்சாரம் என்பதால் அதுக்குப் பதில் காட்மியம் சிவப்பு. வெள்ளையில் தொடங்கி கருப்பு வரை வரிசையாக வைத்ததில், பார்க்காமலே கை போனது. அப்பாவின் மாநிறம் காவியிலும் சிவப்பிலும் துளி கருப்பிலும் வந்துவிட்டது. சட்டைக்கு வெறும் சாம்பல்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த நீலச் சட்டையைச் சரியாப் போட்டிருக்கடா."

நான் ஒண்ணும் சொல்லவில்லை :-)