செய்திக்குழுவும் கருத்துக்களமும்

புதிதாகப் பால்மரம் சீவப் போகிறவர், பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைப் பக்கத்து நிரையில் நிற்கும் பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். கேட்டவரும் சொன்னவரும் போன பிறகு அந்தப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. கணினிக்காரர்கள் நடத்திய கேள்வி பதிலோ எழுத்தாகவே நடந்தது. அந்த எழுத்தை யார் வைத்திருந்தார்கள், யார் காத்தார்கள் என்பதுதான் இன்று நாம் பார்க்கப்போகும் வரலாறு.

1979-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம். டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இருவர், தூரத்தில் உள்ள கணினிகள் ஒன்றோடொன்று கடிதம் பரிமாறிக்கொள்ள ஒரு வழியைத் திட்டமிட்டார்கள். அருகிலுள்ள சேப்பல் ஹில் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். 1980-இல் அதற்கு யூஸ்நெட் என்று பெயர் வழங்கலாயிற்று.

அது வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். ஒரு கணினி தொலைபேசிக் கம்பி வழியாக இன்னொன்றை அழைக்கும். பெரும்பாலும் கட்டணம் குறைந்த இரவு வேளையில்தான் இந்த அழைப்பு நடக்கும். தன்னிடமுள்ள புதிய கடிதங்களைக் கொடுத்து, அங்குள்ளவற்றை வாங்கிக்கொள்ளும். வாங்கிய கணினி அடுத்ததற்குக் கொடுக்கும். இப்படி ஒருவர் எழுதியது ஊர் ஊராகப் பரவி, ஒவ்வொரு கணினியிலும் ஒரு படி தங்கும். கடிதங்களைப் பொருள் வாரியாகப் பிரித்து வைத்தார்கள். அந்தப் பிரிவுகளே செய்திக்குழுக்கள். கணினிக்கு ஒரு வரிசை, அறிவியலுக்கு ஒரு வரிசை என்று 1986, 1987 ஆண்டுகளில் அவற்றின் பெயர்களை ஒழுங்குபடுத்தினார்கள். தமிழர்க்கென்றும் ஒரு குழு இருந்தது. அக்காலத்தில் அங்கே தமிழ் எழுத்துக்கு வழியில்லாமையால், நம்மவர்கள் தமிழையும் ஆங்கில எழுத்திலேயே எழுதினார்கள்.

இந்த அமைப்புக்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை. பேராசிரியரும் முதலாண்டு மாணவரும் ஒரே இடத்தில் எழுதலாம். இதனால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று சொல்வோம். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதி வருவதாக ஒரு செய்திக்குழுவில் தெரிவித்து, மற்றவர்களின் கருத்தைக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 21. அதுவே லினக்ஸ் ஆயிற்று. இன்று நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் இருந்து இயங்குவது அதன் கருவே. அதே ஆகஸ்டு மாதத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், தாம் உருவாக்கிய உலகளாவிய வலையைப் பற்றியும் ஒரு செய்திக்குழுவில்தான் அறிவித்தார். பின்னாளில் செய்திக்குழுவின் இடத்தைப் பிடிக்கப்போவது அந்த வலைதான் என்பதை அன்று யார் அறிவார்?

வேலியில்லாத நிலத்தில் மாடு மேய்வதும் உண்டு. 1994-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் இருவர் தங்கள் தொழில் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒருசேரக் கொட்டினார்கள். பெரும்பாலான குழுக்களில் தடுக்கக் காவலர் இல்லை. ஆண்டு செல்லச் செல்ல விளம்பரக் குப்பை பெருகிற்று. நல்ல கேள்விகள் அதனடியில் மறைந்தன.

1990-களின் பிற்பகுதியில் வலைத்தளக் கருத்துக்களங்கள் பெருகின. இவற்றுக்கு உரிமையாளர் உண்டு. விதி உண்டு. குப்பையை நீக்க மட்டுறுத்துநர் உண்டு. தனி நிரல் தேவையில்லை, வலை உலாவி ஒன்றே போதும். எழுதியதைத் திருத்தலாம், படமும் சேர்க்கலாம். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பிஎச்பிபிபி போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு சாதாரணமானவரும் ஒரு களம் அமைக்க முடிந்தது. மக்கள் அங்கே குடிபெயர்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் வீடு ஒருவருடையது என்றால் சாவியும் அவரிடம்தானே? களத்தின் எழுத்தெல்லாம் உரிமையாளரின் கணினியில் இருக்கிறது. அவர் மூடினால் அத்தனையும் மறையலாம். வலையிலும் மின்னஞ்சலிலும் ஒருங்கே நடந்துவந்த யாகூ குழுக்களின் பழைய எழுத்துகளை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் அந்நிறுவனம் அறிவித்தது. சொன்னபடியே நீக்கிற்று. 2020 டிசம்பரில் குழுக்களையே மூடிவிட்டது.

அப்படியானால் எல்லா ஊரிலும் படி இருந்த செய்திக்குழு தானே நிலைத்ததா? அதுவும் இல்லை. கணினியில் இடம் போதாமையால், பழைய கடிதங்களைச் சில நாளிலோ சில வாரத்திலோ அழித்துவிடுவது அங்கே வழக்கம். எல்லாரிடமும் இருந்ததால், காப்பது தம் கடமை என்று பெரும்பாலோர் எண்ணவில்லை. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிகளைக் கவனித்துவந்த ஹென்றி ஸ்பென்சர் என்பவர் எண்ணினார். 1981 முதல் 1991 வரை வந்த கடிதங்களை 141 காந்த நாடாக்களில் பதிந்து வைத்தார். ஏறக்குறைய இருபது லட்சம் கடிதங்கள்! 2001-இல் கூகுள் நிறுவனம் செய்திக்குழுக்களின் பழைய தொகுப்பை வெளியிட்டபோது, முதல் பத்தாண்டின் பெரும்பகுதி இந்த நாடாக்களிலிருந்தே கிடைத்தது. அதே கூகுள் 2024 பிப்ரவரியில் புதிய யூஸ்நெட் கடிதங்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. பழையவற்றைப் படிக்க மட்டும் விட்டது. வேறு கணினிகளில் யூஸ்நெட் இன்னும் நடக்கிறது.

பயிற்சிக் கல்லூரியில் வரலாறு பயின்றபோது, எந்த ஏட்டை எடுத்தாலும் இதை எழுதியவர் யார், காத்தவர் யார் என்று கேட்கப் பழகினோம். அந்தக் கேள்வி இங்கும் பொருந்துகிறது. உரிமையாளர் இல்லாத இடமும் காக்கவில்லை, உரிமையாளர் உள்ள இடமும் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. காப்பது என்று மனம் வைத்த ஓர் ஆள்தான் காத்தார்.

தாய்மார்களே, பெரியோர்களே! தோட்டங்கள் கைமாறியதையும், லயங்கள் இடிக்கப்பட்டதையும் கண்டவர்கள் நாம். அவற்றோடு எத்தனை பழைய படங்களும் பதிவேடுகளும் போயின! உங்கள் பிள்ளை கைப்பேசியில் ஓர் ஐயம் கேட்டு நல்ல விடை பெற்றால், அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தாத்தா சொன்ன தொழில் நுணுக்கத்தையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளை ஒருவர் தேடி வரும்போது, அது நம் வீட்டில் இருக்கட்டும்.