தூரிகையிலிருந்து பத்தடி மெஷின் வரை



ஃப்ளெக்ஸ் கடை தொடங்கவிருக்கும் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, பத்தடி மெஷின் வாங்கலாமா, ஐந்தடி போதுமா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கப் போகிறாராம். விலையை விற்பவர்கள் சொல்வார்கள். நான் இந்த மெஷின்களின் வரலாற்றைச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பிறந்தது என்று புரிந்தால், எதை வாங்குவது என்பதும் விளங்கிவிடும்.

என்னிடம் 80-களில் படித்தவர்களுக்கு சினிமா கட்-அவுட்டுகள் நினைவிருக்கும். சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் போடுவார்கள். அதே கட்டத்தைப் பெரிய பலகையிலும் போட்டு, சாரத்தில் ஏறி நின்று வரைவார்கள். ஒரு முகம் முடிய நாள் கணக்கில் ஆகும்.

அதே காலத்தில் ஜப்பானில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1977-இல் கேனன் ஆய்வகத்தில், சூடான சால்டரிங் இரும்பு தற்செயலாக மை நிரம்பிய ஊசியில் பட்டது. மை பீறிட்டது. அதிலிருந்துதான் 'பபுள் ஜெட்' பிறந்தது. எப்சன் வேறு வழியில் போனது. 1993-இல் வந்த அதன் ஸ்டைலஸ் 800 மையைச் சூடாக்கவில்லை. மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகத்தால் மையைத் தள்ளியது.

இந்த வேறுபாடு நம் தொழிலுக்கு முக்கியம். சூடாக்கும் முறைக்குத் தண்ணீர் கலந்த மைதான் ஒத்துவரும். அந்த மை மழையில் கரைந்துவிடும். பீசோ முறையில் சால்வென்ட் மையையும் தெளிக்கலாம். அது பிவிசி பரப்பை லேசாகக் கரைத்து உள்ளே ஒட்டிக்கொள்ளும், வெயில் மழை தாங்கும். பாலியஸ்டர் வலையின் மேல் பிவிசி பூசிய ஃப்ளெக்ஸும் இந்த மையும் சேர்ந்தபோது, 2000-க்குப் பிறகு நம் ஊர்களின் தெருக்களே மாறிவிட்டன. வரைந்தவர்களில் சிலர் கணினி கற்றார்கள். பலர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார்கள்.

இனி மெஷின்களைப் பார்ப்போம்.

பத்தடி சால்வென்ட் மெஷின் (3.2 மீட்டர்) தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கானது. மைத்துளி பெரிது, வேகம் அதிகம். அருகில் போனால் புள்ளி தெரியும். மையின் நெடி கடுமை. நல்ல எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் வேலை செய்பவரின் உடம்பு கெடும்.

ஐந்தடி ஈகோ சால்வென்ட் (1.6 மீட்டர்) சில பிக்கோலிட்டர் அளவுள்ள துளியைத் தெளிக்கும். பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வினைல் ஸ்டிக்கர், கடைக்குள் வைக்கும் போர்டு, வண்டி ஸ்டிக்கர் எல்லாம் இதில் நன்றாக வரும்.

எச்.பி. நிறுவனம் 2008-இல் அறிமுகப்படுத்திய லேடெக்ஸ், தண்ணீர் மையையே வெளிப்புறத்துக்கும் ஏற்றதாக்கியது. நெடி குறைவு, ஆனால் மையை உலர்த்தும் ஹீட்டருக்கு மின்செலவு அதிகம். யூவி ஃப்ளாட்பெட், கண்ணாடி, ஆக்ரிலிக், மரப்பலகை மீது நேரடியாக அச்சடிக்கும். முதலீடும் பெரிது.

இப்போது கணக்கு. எடுத்துக்காட்டாக, மாதத் தவணை 30,000 ரூபாய் என்று வையுங்கள். ஃப்ளெக்ஸ், மை, மின்சாரம், கூலி போக சதுர அடிக்கு 3 ரூபாய் மிஞ்சினால், தவணைக்கு மட்டும் 10,000 சதுர அடி அடிக்க வேண்டும். 10-க்கு 20 அடி பேனர் என்றால் மாதம் 50. திருவிழா, கல்யாண மாதங்களில் கிடைக்கலாம். மார்கழியில்?

பேனர் தொழிலின் மேல் சட்டத்தின் கண்ணும் இருக்கிறது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அனுமதியின்றிக் கட்டிய கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் பொறியாளர் லாரியில் சிக்கி இறந்தார். பெரிய கட்சிகளே தொண்டர்களிடம் பேனர் வைக்க வேண்டாம் என்றன. 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர்களுக்கு நாடு முழுவதும் தடை. பேனரை மட்டுமே நம்பிப் பத்திரத்தை அடகு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே தம்பி, முதலில் மூன்று மாதம் வருகிற ஆர்டரை நோட்டில் எழுது. ஸ்டிக்கரும் கடை போர்டும் அதிகமென்றால் ஐந்தடி போதும். பத்தடி பேனரை வெளியே கொடுத்து அடித்து வாங்கிக்கொள். டெமோவுக்கு உன் சொந்த டிசைனைக் கொண்டு போ. அடித்த துண்டை ஒரு மாதம் மொட்டை மாடி வெயிலில் போட்டுப் பார். ஹெட் விலை என்ன, சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்று எழுத்தில் வாங்கு. மெஷின் சும்மா கிடந்தால் ஹெட்டில் மை காய்ந்துவிடும், அந்தச் செலவு உன் தலையில்தான் விழும்.

நம் மாணவர்களில் இத்தொழிலில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். கையெழுத்திடும் முன் அவர் படிக்கட்டும்.