தொண்டுக்குப் பின் பட்டம்: வண்ணாத்திவில்லு எழுப்பும் ஒரு கேள்வி

'அமைதிப்படை' என்றதும் ஈழத்தமிழர் நினைவில் எழுவது 1987இல் வந்திறங்கிய இந்திய இராணுவமே. நான் இங்கு எழுத முற்படுவது துப்பாக்கி ஏந்தாத வேறொரு படையைப் பற்றி. அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எப். கென்னடி 1961 மார்ச் முதலாம் திகதி நிறைவேற்று ஆணை ஒன்றின் மூலம் உருவாக்கிய 'பீஸ் கோர்' என்ற தொண்டர் அமைப்பே அது. பட்டம் பெற்ற இளைஞர்களும் யுவதிகளும் வறிய நாடுகளுக்குச் சென்று, பயிற்சிக் காலம் உட்பட 27 மாதங்கள் அந்நாட்டு மக்களுடன் வாழ்ந்து பணியாற்ற வேண்டும் என்பது அதன் விதி.

இலங்கைக்கு இவர்கள் 1962இலேயே வந்துவிட்டனர். 1964இல் வெளியேறினர். டட்லி சேனநாயக்க பிரதமராக இருந்தபோது 1967இல் மீண்டும் வந்தனர். 1970இல் ஆட்சி மாறியதும் திரும்பினர். ஜே.ஆர். ஜயவர்தனவின் காலத்தில் 1983இல் மூன்றாம் முறை வந்தவர்கள் 1998 வரை இருந்தனர். கொழும்பின் அரசியல் காற்று எத்திசையில் வீசியதோ அத்திசையிலேயே இவர்களது வருகையும் புறப்பாடும் அமைந்தன எனலாம். இவர்களது நோக்கம் குறித்து இடதுசாரிகள் எழுப்பிய ஐயங்களும் பத்திரிகைகளில் இடம்பெற்றதுண்டு. அந்த விவாதம் தனியாக எழுதப்பட வேண்டியது.

என் கவனத்தை ஈர்ப்பது இவர்கள் வந்த கதையன்று, திரும்பிய பின்னர் நடந்த கதை. அயலூரில் இரண்டாண்டுகள் கிணற்றுநீரும் விளக்கொளியுமாக வாழ்ந்துவிட்டு வீடு திரும்பிய இளைஞனை அமெரிக்கா என்ன செய்தது? 1985ஆம் ஆண்டு நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி இதற்கு ஒரு விடை கண்டது. திரும்பிய தொண்டர்களை நகரின் பொதுப் பாடசாலைகளில் ஆசிரியர்களாக அமர்த்தி, அப்பணியைச் செய்துகொண்டே முதுமாணிப் பட்டம் பெறுவதற்கு உதவித்தொகை வழங்கியது. அத்திட்டம் வளர்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களை எட்டியது. முன்னர் பீஸ் கோர் பணிப்பாளராக இருந்து பின்னர் செனட்டரான போல் கவர்டெல் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று அத்திட்டம் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்வித்துறையில் தொடங்கிய அது சமுதாய அபிவிருத்தி, பொதுச் சுகாதாரம், சுற்றாடல், பேண்தகு அபிவிருத்தி எனக் கிளை விட்டது. வெர்மொன்ட் மாநிலத்தில் 1964இல் தோன்றிய சர்வதேசப் பயிற்சிக் கல்லூரியோ, பீஸ் கோர் தொண்டர்களைப் பயிற்றிய அனுபவத்திலிருந்தே பிறந்தது.

இத்திட்டத்தின் அடிப்படையில் இரண்டு கருத்துகள் உள்ளன. ஒன்று, தொண்டுக்காலம் வீணாய்ப் போன காலமன்று, அதுவும் ஒரு கல்வியே என்பது. மற்றையது, புலமைப்பரிசில் பெறுபவர் தம் நாட்டிலேயே வசதி குன்றிய ஒரு சமூகத்தில் பணியாற்றியவாறு படிக்க வேண்டும் என்பது. இரண்டாம் உலகப்போரில் பணியாற்றித் திரும்பிய படைவீரர்களின் உயர்கல்விச் செலவை அமெரிக்கா 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஏற்றுக்கொண்டதை வாசகர்கள் அறிவர். ஆயுதம் ஏந்தியவனுக்குக் கிடைத்த மதிப்பில் ஒரு பங்கு, கரும்பலகையின் முன் நின்றவனுக்கும் கிடைத்தது.

நம் நாட்டில் தொண்டுக்குப் பஞ்சமா? ஏ.ரி. ஆரியரத்ன என்ற ஆசிரியர் 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனத்தொலுவக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று சர்வோதய சிரமதான இயக்கத்துக்கு வித்திட்டபோது, பீஸ் கோர் பிறந்திருக்கவில்லை. வடக்கு கிழக்கில் போர்க்காலப் பாடசாலைகளைத் தாங்கி நின்றோர் பட்டியலில் தொண்டர் ஆசிரியர்களுக்கு உரிய இடமுண்டு. சம்பளமின்றியோ சொற்பப் படிக்கோ ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர்கள் பின்னர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் அமர நேர்ந்தது. அவர்கள் கற்றதைப் பல்கலைக்கழகம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. வேலை கேட்டு வரும் கூட்டமாகவே அரசு அவர்களைக் கண்டது.

இதை ஏன் வண்ணாத்திவில்லுவை முன்வைத்து எழுதுகிறேன்? புத்தளம் மாவட்டத்தின் வடபுறத்தில், கலா ஓயா கடலில் கலக்கும் கரையில், வில்பத்து வனத்தை அடுத்துக் கிடக்கும் பிரதேசம் இது. மரமுந்திரிகைத் தோட்டங்களும், கண்டல் காடுகளும், களப்பு மீன்பிடியும் கொண்ட பூமி. நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் படுக்கை, அதனுள் நன்னீர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பகுதியினருக்கு இப்புத்தளம் மாவட்டமே அடைக்கலம் தந்தது. ஓலைக்கொட்டில்களில் சம்பளம் ஏதுமின்றிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இளைஞர்களை அக்காலத்தில் நான் கண்டிருக்கிறேன்.

2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின், கொழும்பின் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வண்ணாத்திவில்லுப் பிரிவின் அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் முடுக்கிவிடப்பட்டது. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பள்ளங்களின் பக்கமே அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2018இல் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தனர். 2019 ஓகஸ்டில் குப்பை வந்தே சேர்ந்தது.

அந்தச் சச்சரவை ஒரு செய்தியாளனாக நோக்கியபோது எனக்குப் பட்டது இதுதான். சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் மொழி அறிந்தோர் ஒரு புறம். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்று அறிந்தோர் மறுபுறம். இரண்டையும் அறிந்தவர் மிகச்சிலர். கண்டல் நட்ட கை, முகாமில் பாடம் சொன்ன நா, மீனவர் சங்கக் கணக்கு எழுதிய பேனா ஆகியவை நீரியலும் சட்டமும் கற்றிருப்பின், அந்த விசாரணைகளில் ஊரின் குரல் வேறு வலிமையோடு ஒலித்திருக்கும். குப்பை வராமலே போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. எங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டி நீரைச் சோதிப்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது, முடிவை யாரிடம் கையளிப்பது என்பனவற்றையாவது ஊரவரே வரையறுத்திருப்பர்.

அமெரிக்கத் திட்டத்திலும் ஒரு குறை உண்டு. நம் போன்றோரின் கிராமங்களில் தொண்டர் பெற்ற அறிவு, முதுமாணிப் பட்டமாகி அந்நாட்டு நகரங்களுக்கே பயன்படுகிறது. கற்பித்த கிராமத்துக்கு அதில் பங்கில்லை. ஆகவே அப்படியே பிரதி செய்வதில் பொருளில்லை. கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நமது வடமேல் மாகாணத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் 1999 முதல் இயங்குகிறது. யாழ்ப்பாணத்திலும் ஒலுவிலிலும் தமிழ்மொழி பேசும் மாணவர் நிறைந்த பல்கலைக்கழகங்கள் உள்ளன. மூன்றாண்டுகள் தம் ஊரில் தொண்டாற்றியதாகப் பிரதேச செயலகம் உறுதிப்படுத்தும் பட்டதாரிகளுக்கு, பேண்தகு அபிவிருத்தியில் முதுமாணிப் படிப்பில் ஒருசில இடங்களையேனும் அவை ஒதுக்கலாம். பட்டமில்லாதோருக்கு டிப்ளோமாப் படிப்பைத் திறந்துவிடலாம். ஆய்வேட்டின் களம் அவரவர் ஊராகவே இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. புலம்பெயர்ந்த நாடுகளில் இயங்கும் நம் பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலை மண்டபங்களுக்கு வர்ணம் பூசத் திரட்டும் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். வண்ணாத்திவில்லுவிலிருந்து முதல் விண்ணப்பம் வருவதற்கு அதிக காலம் பிடிக்காது.