கல்பாத்தி: தெருவில் நடக்கும் உரிமை

பாலக்காட்டுக்கு வரும் ஆய்வு நண்பர்கள், ஹைதர் அலி 1766-இல் கட்டிய கோட்டையைப் பார்த்தபின் கேட்பது கல்பாத்தியை. ஐப்பசி இறுதியில் தேரோட்டம் காணப் பெருங்கூட்டம் திரளும். மற்ற நாள்களில் ஒளிப்படக் கருவியோடு சிலர் உலவுவர். 'காசியில் பாதி கல்பாத்தி' என்னும் வழக்கைக் கேட்டு மகிழ்வர். (சொற்பிறப்பாக அதை ஏற்க இயலாது, கல்லும் நீரோடும் பாத்தியுமே போதும்.)

ஆற்றங்கரையில் படியிறங்கிச் செல்லும் விசுவநாதசுவாமி கோயில், பாலக்காட்டு மன்னர் இட்டிக்கோம்பி அச்சன் காலத்தில், 1425-ஐ ஒட்டி எழுந்தது என்பது மரபு. ஆயினும் கல்பாத்தியின் தனித்தன்மை கோயிலைவிடத் தெருவமைப்பில் உள்ளது. கேரள வீடு தன் பறம்பின் நடுவே தனித்து நிற்கும். இங்கோ தமிழகத்திலிருந்து குடியேறிய பிராமணர் கொணர்ந்த அமைப்பு: பக்கச்சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும் ஓட்டு வீடுகள், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை. ரேழி என்பது 'இடைகழி'யின் திரிபு. திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் மழைக்கு ஒதுங்கியதாகச் சொல்லப்படும் அதே இடைகழி! வாசலில் கோலம், திண்ணையில் பேச்சு, வீட்டெதிரே நின்று செல்லும் தேர். தெரு இங்கே வீட்டின் நீட்சி, கோயிலின் திருச்சுற்று. போக்குவரத்துக்கான வழி என்பது அதற்குப் பின்னரே.

அதனாலேயே பூசல் கோயில் வாசலுக்கு முன்பே, தெருமுனையிலேயே தொடங்கியது. மலபார் அன்று சென்னை மாகாணத்தின் பகுதி. 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம், பொதுத் தெருவும் கிணறும் எல்லார்க்கும் உரியவை என்றது; செப்டம்பரில் அரசாணையாகவும் வெளிவந்தது. திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. நவம்பர் தேரோட்டத்தில் கல்பாத்தித் தெருவினுள் வந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். இது பொதுவழியன்று, எங்கள் தனிவழி என்பது அக்கிரகாரத்தார் வாதம். ஆணை பிறந்து இரு மாதம்கூட ஆகவில்லை. பின்னர் ஈழவர் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தனர். சாதி காட்டித் தடுத்தால், அச்சாதி இனித் தமக்கில்லை என்று விடை கூறும் வழி அது. தெருவில் நடக்கச் சமய அடையாளத்தையே மாற்ற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெனிசில் 1516-இல் யூதர்களை ஒரு தீவுக்குள் குடியமர்த்தி இரவில் கதவடைத்தனர். 1797-இல்தான் அக்கதவுகள் அகற்றப்பட்டன. கல்பாத்தியில் கதவில்லை, அடைப்பும் உள்ளிருப்பவர்க்கன்று, வெளியில் நின்றவர்க்கு. இன்று இரண்டும் பயணிகள் நடந்து பார்க்கும் தெருக்கள். வெனிசில் அத்தெருவைக் காண்பவர் அதன் வரலாற்றை அறியவே செல்கிறார். கல்பாத்தியைப் பற்றி நான் படித்த சுற்றுலாக் குறிப்புகளில் தேர் உண்டு, இசைவிழா உண்டு, திண்ணையின் அழகு உண்டு, 1924 இல்லை.

மரபுச் சின்னமாக ஒரு தெருவைக் காப்பது, அதன் ஓட்டையும் தூணையும் காப்பதோடு முடிவதில்லை என்பது என் கருத்து. சென்னைச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சிலேயே உள்ளன. கட்டடக் கலை படிக்க வரும் மாணவர்கள் அளவு நாடாவோடு 1924, 1925ஆம் ஆண்டுத் தொகுதிகளையும் புரட்டிவிட்டு வரலாம். தேர்கள் கூடும் தேர்முட்டியில் நின்று, அன்று யார் எதுவரை வர முடிந்தது என்று வரைபடத்தில் குறித்துப் பார்க்கலாம்.